தறிக்கு மாலை போட்ட நாள்

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்ததுமே நான் நின்றுவிட்டேன். தறிச் சத்தம் கேட்கவில்லை.

குடியாத்தத்தில் நெசவாளர் தெருவுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. காதைக் கொடுத்துக்கொண்டு நடந்தால் போதும். விடிந்ததும் விடியாததுமாக ஒரு வீட்டில் சடக் சடக்கென்று ஆரம்பிக்கும், பக்கத்து வீடு சேர்ந்துகொள்ளும், எட்டு மணிக்குத் தெரு முழுக்க அதே சத்தம்தான். அந்தத் தெருவில் பிறந்தவர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். கல்யாணப் பெண்ணின் காதில் ரகசியம் சொன்னால்கூட வாசலில் இருப்பவனுக்குக் கேட்கும்.

அன்றைக்குக் காக்கா கரைவது கேட்டது.

யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அட கடவுளே, இன்றைக்கா! இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலூரிலிருந்து பஸ் நிறையப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வரப்போகிறார்கள். தறி ஓடுவதைப் பார்க்க வருகிறார்கள். நான் மாசக்கணக்கில் அந்தத் தெருவுக்கு நடந்து, தொண்டை கட்டப் பேசி, தெருக்காரர்களைப் பழக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு காலைக்காகத்தான்.

தெருவுக்குள் திரும்பினேன். சாவு வீட்டுக்கான அடையாளம் ஒன்றும் இல்லை. இந்தக் கோடியிலிருந்து கண்ணுக்கு எட்டிய வரை கோலம். வாசலுக்கு வாசல் மாவிலைத் தோரணம். நாட்டாண்மை முனிரத்தினம் சலவை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கையைக் கூப்பிக்கொண்டு வந்தார்.

"வாங்க மேடம், வாங்க. எப்டி கீது நம்ப தெரு?"

"நல்லா இருக்கு. தறி ஏன் ஓடலை?"

"அதான் பூஜை போட்டாச்சே!"

முதல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தறிக்குச் சாமந்தி மாலை. மரம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். நூல் சுற்றும் ராட்டைக்கு ஒரு முழம் பூ. கத்தரிக்கோலுக்குப் பொட்டு. சுவரோரம் சாத்தியிருந்த சைக்கிளையும் விட்டுவைக்கவில்லை. இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு, எல்லாம் அப்படியே.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆயுத பூஜை அன்றைக்கு நம் வீட்டிலும் இதுதானே வழக்கம்? பூஜை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. ராத்திரி போய், விடிந்து, மறுபூஜை போட்டு எடுத்துவைத்த பிறகுதான் கை வைக்கலாம். அந்தத் தெருவில் இருந்த தறி அத்தனையும் நாளைக்குக் காலை வரைக்கும் சாமி!

"ஏங்க, ஆயுத பூஜைக்கு இன்னும் எத்தனையோ மாசம் கிடக்கே!"

"விருந்தாளிங்க வர்றாங்களே மேடம். ஆயுத பூஜைக்குத்தான் நம்ப வீட்டுத் தறிய நாலு பேரு வந்து பாப்பாங்க. பொரி கடலை குடுப்போம். அதான் நேத்து கோயில்ல கூடிப் பேசி, அதே மாதிரி ஜோரா செஞ்சிட்டோம்."

"தறி ஓடுறதைப் பார்க்கத்தானே பிள்ளைகள் வருது?"

நாட்டாண்மை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா மேடம் இது. வேலை செய்றத போய் பஸ்ஸு வெச்சிக்கினு வந்து பாப்பாங்களா யாராவது?"

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். வாசலில் நின்ற பெண்கள் கூட்டத்தில், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய தேவகியைக் காணவில்லை.

"தேவகி எங்கே?"

"அந்தம்மா வராது. வீட்ல தீட்டு" என்றார்.

எனக்கு வாய்த்த வேலை

தட்டச்சுப் பள்ளியில் நான் பட்ட பாட்டைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதிலிருந்து எப்படி ஊர் சுற்றுகிற வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டுச் சில வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் அப்போது ஒரு சங்கம் இருந்தது. பெயர் வேண்டாம், அதில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார்கள். அதன் செயலாளர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். அவருக்கு ஒரு தீராத மனத்தாங்கல். கல்விச் சுற்றுலா என்றால் எல்லாப் பள்ளிக்கூடமும் மகாபலிபுரத்துக்கு ஓடுகிறது. அப்பா இடுப்பில் இருக்கும் லுங்கி எங்கே நெய்தது, காலில் இருக்கும் செருப்புக்குத் தோல் எங்கே பதமானது என்று கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகள் "கடையில" என்கின்றன.

"நம்ம மாவட்டத்துல பார்க்க ஒண்ணும் இல்லைன்னு நம்ம ஜனங்களே நம்புறாங்கம்மா. அதை மாத்தணும்" என்பார்.

அவருடைய யோசனை எளிமையானது. ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்க்காரர்களையே பழக்க வேண்டும். வருகிற பிள்ளைகளுக்கு அவர்களே தங்கள் தொழிலைக் காட்டிச் சொல்லித்தர வேண்டும். வெளியிலிருந்து ஆள் வந்து விளக்கக் கூடாது.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. இந்த வேலைக்கு என்னை ஏன் எடுத்தீர்கள் என்று ஒருதரம் கேட்டேன். "உனக்குக் குரல் பெரிசு, கோபமும் ஜாஸ்தி. உன்னை யாரும் பேசவிடாம பண்ண முடியாது" என்றார். பாராட்டினாரா, திட்டினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஆம்பூரில் சாம்பிராணி

குடியாத்தத்துக்கு முன்னால் ஆம்பூரில் கையைச் சுட்டுக்கொண்டோம்.

அங்கே ஒரு சின்னத் தோல் தொழிற்சாலை. முதலாளி தங்கமான மனுஷர், தாராளமாக வாங்க என்றார். பஷீர் பாய் என்று ஒரு மேஸ்திரி. நல்ல பேச்சுக்காரர். தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுவது, முடி எடுப்பது, பதப்படுத்துவது என்று ஒவ்வொன்றையும் கதை மாதிரி சொல்வார். இவர் இருக்கும்போது எனக்கு என்ன கவலை என்று இருந்துவிட்டேன்.

பிள்ளைகள் வந்த அன்றைக்குக் கேட்டைத் திறந்தால் உள்ளே ஒரே புகை. நெருப்புப் பிடித்துவிட்டது என்று நான் அலறியே விட்டேன். பஷீர் பாய் புகைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"சாம்பிராணி மேடம். ஸ்மெல் கம்மி பண்ணணும் இல்ல? காலைலேருந்து போட்டுக்கினே கீறோம்."

ஊறுகிற தோலின் வாடையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் கண்ணில் தண்ணீர். ஒன்று வாந்தி எடுத்தது, அதைப் பார்த்து இன்னொன்று. ஊறல் தொட்டிகளின் மேலெல்லாம் பலகை போட்டு மூடி, பலகை மேல் ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. வந்த வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப்போய்விட்டார்.

பஷீர் பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. "நல்லதுக்குத்தான் செஞ்சோம், இப்டி பேஜாராயிடுச்சே" என்று என்னிடம் எத்தனை தரம் சொன்னாரோ. எனக்கும் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

செயலாளர்தான் உடைந்துபோனார். "ஆம்பூர் போச்சு. குடியாத்தமும் போச்சுன்னா மூட்டையைக் கட்டிடலாம்மா. எந்தப் பள்ளிக்கூடமும் நம்மள நம்பி பஸ் எடுக்காது" என்றார்.

கோணிச் சண்டை

குடியாத்தத்தில் சாயங்காலம் தறி நின்ற பிறகு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பழகுவோம். சத்தமாகப் பேசுங்கள் என்று நான் சொல்லித்தர வேண்டியே வரவில்லை. சொல்லித்தர வேண்டியிருந்தது மற்றதெல்லாம். பிள்ளைகள் பக்கம் பார்த்துப் பேசுங்கள், தறியைப் பார்த்துப் பேசாதீர்கள். "உனக்கு அது புரியாது" என்று சொல்லாதீர்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள்.

நான் பெரிசாகச் சண்டை போட்டது ஒரு விஷயத்துக்குத்தான். வேலூரிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வருகிற பெண் பிள்ளைகள் ஒண்ணுக்கு எங்கே போவார்கள்?

ஆண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். "அதெல்லாம் அவங்க வீட்லயே போய்ட்டு வருவாங்க மேடம்" என்றார் ஒருவர்.

"ஏன், நீங்க காலைல ஒரு தரம் போனா அப்புறம் மறுநாள்தானா?"

பெண்கள் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. நாட்டாண்மை தொண்டையைக் கனைத்தார். கடைசியில் கோணிப்பைகளைப் பிரித்துத் தைத்து, நாலு மூங்கில் நட்டு, ஒரு மறைப்பு கட்டுவது என்று முடிவானது. எங்கே கட்டுவது? அதற்கு மறுபடியும் ஒரு சண்டை. எல்லோரும் தங்கள் வீட்டுப் பின்னால் வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "எங்க வீட்டுப் பின்னால கட்டுங்க, எடம் கீது" என்றாள்.

அவள்தான் தேவகி.

ஒரே ஒரு வகுப்பு

தெருவின் கடைசி வீடு அவளுடையது. புருஷன் ஏழுமலை வாய் பேசாத ஆள், தறியே கதி. மாமியார் கறாரானவள். தேவகிக்கு அப்போது இருபத்தைந்து இருக்கலாம்.

எல்லோரும் தொழிலை ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் எழுந்து, உட்கார்ந்திருந்த பெண்களைக் கிளப்பி, வரிசையாக நிற்கவைத்தாள். ஒன்று விட்டு ஒன்றாகப் பாதிப் பேரை ஓரடி முன்னால் வரச் சொன்னாள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பிறகு முன்னால் நின்றவர்களைப் பின்னாலும் பின்னால் நின்றவர்களை முன்னாலும் மாறச் சொல்லி, நடுவில் திரும்பி ஓடிவந்தாள்.

"நிக்கிறவங்க பாவு, நீளத்து நூலு. நான் நாடா, குறுக்கு நூலை இட்டுனு ஓடறவ. அவ்ளோதான் நெசவு" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

"இன்னா, கும்மி ஆட்டமா?" என்றார் நாட்டாண்மை. ஆனால் எனக்கு அந்த நிமிஷம்தான் நெசவு என்றால் என்ன என்று புரிந்தது. அதுவரை புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குத் தேவகிதான் சொல்லித்தர வேண்டும் என்று நான் அடம் பிடித்து வாங்கினேன். மாமியார், "ஒரு நாள் வேணா பேசட்டும். அதுல நல்ல பேரு வந்தா மேல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்த தேவகி சொன்னாள்: "நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன் மேடம். டீச்சர் ஆவணும்னுதான் இருந்தேன். வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க. கட்டிக் குடுத்துட்டாங்க. போவட்டும். ஒரு நாள், ஒரே ஒரு கிளாஸ் எடுத்துட்டா போதும் எனக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு மனசை என்னவோ செய்துகொண்டிருந்தது.

பொரி கடலை

இப்போது பூஜை போட்ட தெருவுக்கு வருவோம்.

தேவகியின் நாத்தனார் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாளாம். நாள் இருக்கிறது என்று இருந்திருக்கிறார்கள். குழந்தை அவசரப்பட்டு, நாலைந்து நாளுக்கு முன்னால் பிறந்துவிட்டது.

"கட்டிக் குடுத்த பொண்ணு பிரசவம், பங்காளிங்களுக்குத் தீட்டு இல்ல. ஆனா பொறந்த வீட்டுக்கு உண்டுல்ல? நல்ல காரியத்துல அந்த வீட்டாளு எப்டி நிக்கிறது? அதான் எங்க மருமகப் புள்ளய பேசச் சொல்லிட்டேன். காலேஜுக்குப் போனவரு" என்றார் நாட்டாண்மை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அந்தப் பொண்ணு மாசக்கணக்கா பழகியிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா? சரி, மறுபூஜையை இப்பவே போட்டு மாலையை எடுங்க, தறியாவது ஓடட்டும்!"

"இருட்டி விடியணும் மேடம். பூஜை போட்ட தறி மிதியில கால வெக்க எவன் வருவான்? அது மட்டும் சொல்லாதீங்க."

அவர் குரல் மாறியிருந்தது. அதற்கு மேல் பேசினால் மரியாதை கெட்டுவிடும் என்று புரிந்தது. அதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தமும் கேட்டது.

பெண்கள் இறங்கினார்கள். ஆறாவது, ஏழாவது படிக்கிறவர்கள், இரட்டைச் சடை, நீல ரிப்பன். கூட ஒரு டீச்சரும் தலைமையாசிரியையும். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற கண்டிப்பான அம்மாள். அவர் நல்லபடியாகச் சொன்னால் மற்ற பள்ளிக்கூடங்களும் வரும் என்று செயலாளர் நம்பிக்கொண்டிருந்தார்.

மாலை போட்ட தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மருமகப்பிள்ளை ஆரம்பித்தார். "நெசவு என்பது மனித குலத்தின் மானம் காக்கும் மகத்தான தொழில்..." கல்லூரிப் பேச்சுப்போட்டிக்குப் போகிறவர் போலக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பிள்ளைகளின் கையில் பொரி கடலைப் பொட்டலம். ஒரு பெண், "தறி ஓடாதா டீச்சர்?" என்று தன் டீச்சரிடம் கேட்டது. "உஷ்" என்றார் அவர்.

அடுத்த வீடு. அங்கேயும் மாலை, பொட்டு, பொரி. அதற்கடுத்த வீட்டில் பிள்ளைகள் பொரியில் இருக்கிற கடலையை மட்டும் பொறுக்கித் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள்.

தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, ஓடாத தறியைப் புத்தகத்துல படமா பார்த்துக்கலாமே? இதுக்கு ஒரு பஸ்ஸா? வெயில் ஏறதுக்குள்ள நம்மூர்க் கோட்டையையாவது காட்டிட்டு வீடு போய்ச் சேர்றோம்." டீச்சரைப் பார்த்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தச் சொன்னார்.

ஆம்பூரில் பலகை மேல் ஜமுக்காளம், இங்கே தறி மேல் மாலை. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அது கேட்டது.

சடக். சடக். சடக்.

கடைசி வீடு

நிஜமாகவே தறிச் சத்தம். தெருக்கோடியிலிருந்து வந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அந்த வயதில் தெருவில் ஓடிய பொம்பளையை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசி வீட்டில் கோலம் இல்லை, தோரணம் இல்லை. ஏழுமலை தறிக்குழியில் உட்கார்ந்து சாவகாசமாக நெய்துகொண்டிருந்தார். பழைய புடவையில் தேவகி கதவோரமாக நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இந்தத் தறி மட்டும் எப்படி ஓடுது?"

"நாங்க பூஜை போடலியே மேடம்" என்றாள். "தீட்டு வீட்ல எப்டி பூஜை போடறது? முதலாளிக்கு லுங்கி குடுக்கணும், அதான் அவரு இப்ப ஒக்காந்துட்டாரு."

நான் அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தெரு முழுக்கத் தொடக் கூடாத தறிகள். தொடலாம் என்று இருந்த ஒரே தறி, வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த வீட்டில்!

"முகத்தைக் கழுவு. கிளாஸ் எடுக்கணும்."

"நாட்டாண்மை வேணாம்ட்டாரு மேடம்."

"அவரை நான் பார்த்துக்கிறேன். நீ கழுவு."

நாட்டாண்மை எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். அவர் பின்னால் தெருவே வந்திருந்தது. தலைமையாசிரியையும் என்ன கூத்து என்று பார்க்க வந்து நின்றார். நான் அவரிடம் நேராகவே சொன்னேன். "இந்த வீட்டுல தறி ஓடுது. சொல்லித்தர ஆளும் இருக்கு. ஆனா குழந்தை பிறந்து நாலைந்து நாள்தான் ஆகுது. தீட்டுன்னு சொல்றாங்க. உங்க இஷ்டம்."

தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே குழந்தை சிணுங்கியது.

"என்ன குழந்தை?"

"பொண்ணுங்க" என்றாள் தேவகி, கதவுக்குள்ளிருந்து.

"நல்லது. வீட்டுக்குப் போனா எப்படியும் குளிக்கத்தானே போறோம்" என்றார் அந்த அம்மாள்.

எல்லோரும் நாட்டாண்மையைப் பார்த்தோம். அவர் தாடையைச் சொறிந்தார். அந்த மனுஷரைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். பிடிவாதக்காரர், ஆனால் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அவருக்கும் பொறுக்கவில்லை.

"வெளியூர்க்காரங்க, பஸ்ஸ வுட்டு எறங்கி பஸ்ஸுலயே ஏறிப் போறவங்க. அவங்களுக்கு நம்ப தீட்டு ஒட்டாது" என்று தீர்ப்புச் சொன்னார். "ஆனா நம்பாளுங்க ஒருத்தரும் வாசப்படி தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

சுண்டுவிரல்

வீட்டுக்குள் இடம் போதாது. பாதிப் பெண்கள் உள்ளே, பாதிப் பேர் வாசலில். தேவகி தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஏழுமலையின் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழுமலை தறியை நிறுத்தினார். வாய் பேசாத அந்த மனுஷர் நிமிர்ந்து, "சொல்லு தேவகி" என்றார்.

"கால பாருங்க" என்று ஆரம்பித்தாள் அவள். "அவரு கால பாருங்க. இந்த மிதிய அமுக்கினா, எந்த நூலு மேல போவுது? பாத்து நீங்களே சொல்லுங்க."

பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். "ஒண்ணு விட்டு ஒண்ணு!" என்று ஒரு பெண் கத்தியது.

"அப்ப மத்தது?"

"கீழ போவுது!"

அவ்வளவுதான், அதற்கப்புறம் தேவகி என் பக்கமே திரும்பவில்லை. எல்லோரையும் மாற்றி மாற்றி உள்ளே விட்டுக் காட்டிவிட்டுத் தெருவுக்குக் கூட்டிவந்தாள். அவர்களையே நீள வரிசையாக நிறுத்தினாள். ஒன்று விட்டு ஒன்றாக முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி. நூல் கண்டைக் கையில் கொடுத்து ஒரு பெண்ணை நாடா என்று ஓடவிட்டாள். வாசல்படி தாண்டக் கூடாது என்றவர் தெருவில் நிற்கக் கூடாது என்று சொல்லவில்லையே! தெருக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நாட்டாண்மையே கையைத் தட்டி, "ஒத்தை முன்னால! ரெட்டை பின்னால!" என்று அவருடைய பெரிய குரலில் கத்திக்கொண்டிருந்தார். கும்மி ஆட்டம் என்று கேலி செய்தவர்தான். பிள்ளைகள் நூலில் சிக்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

"நூலு அறுந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று தேவகி கேட்டாள். பதில் தெரிந்த பெண்கள் கையைத் தூக்கினார்கள். தெரியாத ஒன்றிரண்டு பேர் அவள் கண்ணில் படாமல் முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

அப்போது வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் விலகி வந்தது. ஆறாவது படிக்கிற குழந்தை, முன்பல் கொஞ்சம் தூக்கல். அது தன் டீச்சரைத் தாண்டிப் போனது. தலைமையாசிரியையைத் தாண்டிப் போனது. நேராகத் தேவகியின் முன்னால் போய் நின்று, சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டியது.

"டீச்சர், ஒண்ணுக்கு."

தேவகி அந்த விரலையே பார்த்தாள். அவள் கண் படபடத்தது. பிறகு, வருஷக்கணக்காக வகுப்பெடுத்தவள் போல, "வீட்டுக்குப் பின்னால கோணி மறைப்பு கீது, போ. சீக்கிரம் வரணும்" என்றாள்.

உடனே இன்னொரு விரல். "டீச்சர், நானு?"

"அவ வந்தப்புறம்தான் நீ."

தலைமையாசிரியை என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். பஸ் ஏறும்போது, "அடுத்த வருஷம் புதுசா வர்ற ஆறாவதைக் கூட்டிட்டு வர்றேன். மத்தவங்ககிட்டயும் சொல்றேன். பூஜை மட்டும் வேணாம்னு சொல்லிடுங்கம்மா" என்றார். செயலாளருக்கு இதைச் சொன்னபோது அவர் மூட்டை கட்டுகிற பேச்சை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு எத்தனையோ பஸ் வந்தது. அதெல்லாம் வேறு கதை.

பஸ் போனதும் தெரு பழையபடி அமைதியாகிவிட்டது. ஏழுமலை மட்டும் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். தேவகி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான். உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள். "தோ வர்றேன்" என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை.

"நெஜ டீச்சருங்க ரெண்டு பேரு நின்னாங்க மேடம்" என்றாள். "அவங்களை வுட்டுட்டு என்னாண்ட வந்து கேட்டுச்சு."

அதையே மறுபடியும் சொன்னாள். இரண்டு பேரும் அழுதுகொண்டு உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று எழுந்தேன். வேலூர் வரைக்கும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். விடியற்காலை வீட்டை விட்டுக் கிளம்பியவள், அவ்வளவு சண்டை போட்டுக் கட்டவைத்த கோணி மறைப்புப் பக்கம் நான் இன்னும் போகவே இல்லை.

அவள் முன்னால் போய் நின்று என் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"டீச்சர், நானும் போய்ட்டு வரட்டுமா?"

தேவகி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள். "சீக்கிரம் வரணும்."